புகை சூழ்ந்த கல் வீடு

தஞ்சைப் பெரிய கோவிலைப் பார்க்க ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். செஞ்சிக் கோட்டையில் மூச்சு வாங்க ஏறுகிறார்கள். மைசூர் அரண்மனை வாசலில் சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறார்கள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ராஜா கட்டியதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ஆனால், ஓர் ஏழைக் குடியானவனின் வீட்டைப் பார்க்க யாராவது சீட்டு வாங்குவார்களா? அதுவும் எப்படிப்பட்ட வீடு! புகைபோக்கி கிடையாது. சன்னல் பெயருக்குத்தான். ஒரே கூரையின் கீழ் இந்தப் பக்கம் மனிதர்கள். அந்தப் பக்கம் மாடுகள். உள்ளே போனால் கண் எரியும். வெளியே வந்த பிறகும் உடுப்பை விட்டுப் புகை வாசனை போகாது.

வாங்குகிறார்கள்! கப்பல் ஏறி வந்து வாங்குகிறார்கள்.

ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே கடலில் லூயிஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே ஆர்னால் என்பது ஒரு சிற்றூர். அந்த ஊரில் 42ஆம் எண் வீடுதான் நாம் சொல்லும் வீடு. "கறுப்பு வீடு" என்று அதற்குப் பெயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. ஒரு குடும்பம் 1966ஆம் ஆண்டு வரை அதில் வாழ்ந்தது. அவர்கள் விட்டுப் போனபோது எப்படி இருந்ததோ, ஏறக்குறைய அப்படியே இன்றும் பாதுகாத்து வருகிறார்கள். ஸ்காட்லாந்தின் தொல்சின்னங்களைக் கவனிக்கும் பொது அமைப்பின் பொறுப்பில் அது இருக்கிறது. கோட்டைகளையும் பழைய தேவாலயங்களையும் பார்த்துக்கொள்ளும் அதே அமைப்புதான் இந்த மாட்டுக்கொட்டில் வீட்டையும் பார்த்துக்கொள்கிறது.

இது சரிதானா? ஏழையின் குடிசையைக் காப்பாற்றுவதற்குப் பொதுப் பணத்தைச் செலவிடலாமா? செலவிடத்தான் வேண்டும் என்பது நம் கருத்து. ஏன் என்று சொல்லுவதற்கு முன், அந்த வீட்டுக்குள் ஒரு முறை போய் வருவோம்.

கல்லும் காற்றும்

லூயிஸ் தீவில் மரம் அபூர்வம். அட்லாண்டிக் கடலில் இருந்து வரும் காற்று மரத்தை வளர விடுவதில்லை. ஆனால் கல்லுக்குப் பஞ்சம் இல்லை. ஆகவே கையில் அகப்பட்ட கல்லை வைத்தே அந்த மக்கள் வீடு கட்டினார்கள்.

சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை. கல்லின்மேல் கல்லைப் பொருத்தி அடுக்கினார்கள். ஒரு சுவர் அல்ல, இரண்டு சுவர். உள்சுவர் ஒன்று, வெளிச்சுவர் ஒன்று. நடுவிலே உள்ள இடைவெளியில் மண்ணைப் போட்டு நிரப்பினார்கள். சுவரின் கனம் நாலைந்து அடி முதல் ஆறு அடி வரைகூட இருக்கும். இவ்வளவு கனமான சுவர் நம் ஊர்க் கோட்டைகளில்தான் இருக்கும். அங்கே குடியானவன் வீட்டிலேயே அப்படி!

இனிமேல்தான் வேடிக்கை. நம் ஊர்க் கூரை வீட்டில் கூரை சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். அதைத் தாழ்வாரம் என்கிறோம். மழைத் தண்ணீர் சுவரில் படாமல் வெளியே விழவேண்டும் அல்லவா? கறுப்பு வீட்டில் அப்படி இல்லை. கூரை உள்சுவரின் மேலேயே உட்கார்ந்துவிடும். வெளிச்சுவரின் தலை ஒரு திண்ணைபோல வெறுமையாக நிற்கும். அதில் புல் முளைத்திருக்கும். கூரை வேய்கிறவன் ஏணி இல்லாமல் அதன்மேல் நின்றே வேலை செய்வான்.

மழைத் தண்ணீர் கூரையிலிருந்து வழிந்து நேராகச் சுவரின் நடுவில் உள்ள மண்ணுக்குள் இறங்கும். "ஐயோ, சுவர் நனையுமே!" என்று நம் கொத்தனார் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் நடு மண் ஈரமாக இருந்தால்தான் இறுகி நிற்கும். காற்றை உள்ளே விடாது. கூரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தீவின் புயல் அதைப் பிடித்து வீசி எறிந்துவிடும். நீட்டம் இல்லாததால் காற்றுக்குப் பிடி கிடைக்கவில்லை. வீட்டின் மூலைகளையும் வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். கூரையின் மேல் கயிற்றைப் போட்டு, கயிற்றின் நுனியில் பெரிய கற்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். காற்று வந்து மோதினால் வழுக்கிக்கொண்டு போகும்.

இதையெல்லாம் எந்த என்ஜினீயரும் படம் வரைந்து கொடுக்கவில்லை. அப்பன் கட்டியதைப் பார்த்து மகன் கட்டினான், அவ்வளவுதான்.

கூரை மரத்துக்கு என்ன செய்தார்கள்? கடல் கொண்டுவந்து ஒதுக்கிய கட்டைகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டார்கள். பழைய வீட்டு மரத்தைக் கழற்றிப் புது வீட்டுக்குப் போட்டார்கள். அங்கே மரம் அத்தனை பெரிய சொத்து.

அணையாத அடுப்பு

வீட்டின் நடுவில் தரையிலே அடுப்பு. அதற்கு மேலே கூரையிலிருந்து ஒரு சங்கிலி தொங்கும். சங்கிலியின் கொக்கியில் பானையை மாட்டிவிடுவார்கள். விறகு இல்லாத ஊரில் எதை எரித்தார்கள்? அங்கே சதுப்பு நிலம் நிறைய உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புல்லும் பாசியும் மட்கிச் சேர்ந்து கறுப்பாகக் கிடக்கும். அதைப் "பீட்" என்று சொல்லுகிறார்கள். கோடையில் அதைச் செங்கல் செங்கல்லாக வெட்டி, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, வாசலில் குவித்து வைத்துக்கொள்வார்கள். நம் ஊர் வறட்டியைப் போல நின்று நிதானமாக எரியும்.

அந்தத் தீயை அணையவே விடமாட்டார்கள். இரவில் சாம்பலால் மூடி வைப்பார்கள். விடிந்ததும் கிளறி ஊதுவார்கள். தலைமுறை தலைமுறையாக அணையாத அடுப்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

புகைபோக்கி இல்லையே, புகை எங்கே போகும்? எங்கும் போகாது. வீடு முழுவதும் சுற்றிவிட்டுக் கூரை வைக்கோலின் வழியாக மெல்லக் கசியும். கூரையில் பூச்சி பிடிக்காது. வைக்கோலும் மரமும் ஈரத்தில் மட்காது. ஓர் ஆண்டு ஆனதும் கரி படிந்த அந்த வைக்கோலை உரித்து எடுத்து வயலில் போடுவார்கள். உருளைக்கிழங்குக்கும் பார்லிக்கும் அது நல்ல உரம். மாட்டுச் சாணமும் கூடச் சேரும். சில வீடுகளில் குளிர்காலம் முழுவதும் சாணத்தை உள்ளேயே சேர்த்து வைப்பார்கள். வசந்த காலம் வந்ததும் கொட்டில் பக்கத்துச் சுவரில் ஒரு பகுதியைப் பிரித்து வண்டியில் அள்ளிக்கொண்டு போவார்கள். பிறகு மறுபடி கல்லை அடுக்கிவிடுவார்கள். சாந்து பூசாத சுவர்தானே!

கூரை எருவாயிற்று. எரு பயிராயிற்று. பயிரின் வைக்கோல் மறுபடி கூரையாயிற்று. எதையும் வீணாக்காத வீடு அது.

மாட்டை ஏன் வீட்டுக்குள் கட்டினார்கள்? வெளியே விட்டால் குளிரில் செத்துப்போகும். உள்ளே கட்டினால் மாட்டின் உடம்புச் சூடு மனிதனுக்கும் உதவும். பசு இருந்தால் பால் உண்டு, வெண்ணெய் உண்டு. பசுவைக் கண்ணெதிரே வைத்துக் காப்பாற்றும் குடியானவனின் மனம் நம் கிராமத்து வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மறுபக்கம்

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "ஆகா, அந்தக் காலம் எவ்வளவு நன்றாக இருந்தது!" என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம்.

அந்தப் புகைக்குள்தான் குழந்தைகள் பிறந்தன. கிழவிகள் கண் கலங்கி இருமினார்கள். காச நோய் என்னும் க்ஷயரோகம் அந்தத் தீவில் பலரை வாரிக்கொண்டு போயிற்று. மனிதனும் மாடும் ஒரே வாசலில் நுழையக்கூடாது, நடுவில் சுவர் வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுகாதார அதிகாரிகள் வற்புறுத்தினார்கள். அதிகாரிகள் சொன்னது நியாயம்தான்.

பிறகு புது மாதிரி வீடுகள் வந்தன. சாந்து வைத்த ஒற்றைச் சுவர், இரு பக்கமும் புகைபோக்கி, பெரிய சன்னல். அவற்றுக்கு "வெள்ளை வீடு" என்று பேர் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் பழைய வீட்டுக்குக் "கறுப்பு வீடு" என்ற பேர் பரவியது. அதுவரை அது வெறும் வீடு! பக்கத்து வீடு வெளுத்தபோதுதான் தன் வீடு கறுப்பு என்று மனிதனுக்குத் தெரிந்தது. அப்புறம் அதில் இருப்பவர்களுக்கு வெட்கம் வந்துவிட்டது. இந்த வெட்கத்தை நம் ஊரில் ஓலைக் குடிசையில் பிறந்து படித்து முன்னுக்கு வந்தவர்கள் நன்றாக அறிவார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் குடியானவர்கள் முன்பே ஏன் நல்ல வீடு கட்டிக்கொள்ளவில்லை? சோம்பேறித்தனமா? இல்லவே இல்லை. நிலம் ஜமீன்தாருடையது. எப்போது வேண்டுமானாலும் அவர் குடியானவனை வெளியே போகச் சொல்லலாம். நல்ல வீடு கட்டினால் அதுவும் ஜமீன்தாருக்கே சேரும். குத்தகையையும் உயர்த்திவிடலாம். அப்படி இருக்கும்போது எந்தப் பைத்தியக்காரன் பணம் போட்டுக் கட்டுவான்?

18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் ஆட்டுப் பண்ணை வைப்பதற்காக ஊர் ஊராக ஜனங்களைத் துரத்தினார்கள். ஆடு லாபம் தந்தது, மனிதன் தரவில்லை. போனவர்கள் முடிந்தால் கூரை மரத்தையும் கழற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வராமல் இருக்கச் சில இடங்களில் அந்த மரத்துக்கே தீ வைத்தார்கள். இன்றும் அந்தப் பக்கங்களில் கூரை இல்லாத கல் சுவர்கள் புல்லின் நடுவே நிற்கின்றன. அங்கே குடும்பங்கள் வாழ்ந்தன என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

1886ஆம் ஆண்டில்தான் சட்டம் வந்தது. குத்தகை ஒழுங்காகக் கட்டுகிறவனை விரட்டக்கூடாது; குத்தகை நியாயமாக இருக்கவேண்டும்; அவன் செய்த மராமத்துக்கு, அவன் விட்டுப் போகும்போது ஈடு கொடுக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லிற்று. அதன் பிறகு குடியானவன் துணிந்து நல்ல வீடு கட்டத் தொடங்கினான். ஆர்னால் வீடு ஏறக்குறைய அந்தக் காலத்துக் கட்டிடம்.

பார்த்தீர்களா? ஒரு கல் சுவரைப் பார்த்து, காற்று எப்படி அடித்தது என்று சொல்லலாம். நிலம் யாரிடம் இருந்தது என்றும் சொல்லலாம். ராஜா கட்டிய அரண்மனை ராஜாவைப் பற்றித்தான் பேசும். அந்தத் தீவில் ராஜா இல்லை. இருந்தவர்கள் எல்லோரும் குடியானவர்கள். அவர்கள் எழுதி வைத்தது மிகக் கொஞ்சம். கட்டி வைத்தது இதுதான். இதையும் இடித்துவிட்டால் அவர்களைப் பற்றி ஜமீன் கணக்குப் புத்தகம் என்ன சொல்லுகிறதோ அதைத்தான் நாம் நம்பவேண்டும்.

அழகான வீட்டைக் காப்பாற்றுவது சுலபம். இங்கிலாந்தில் பைபரி என்ற ஊரில் ஒரு வரிசைக் கல் வீடுகள் இருக்கின்றன. 1380 வாக்கில் மடத்தாரின் கம்பளிக் கிடங்காகக் கட்டியது. 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாயிற்று. பார்த்தால் படம் எழுதியதுபோல இருக்கும். புகழ் பெற்றவரின் வீட்டைக் காப்பாற்றுவதும் சுலபம். கவி வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை வாழ்ந்த கிராமத்துச் சிறு வீட்டை 1890ல் வாங்கி, அடுத்த ஆண்டே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஆர்னால் வீட்டுக்கு அழகும் இல்லை; அதில் கவிஞரும் பிறக்கவில்லை. அதனால்தான் அதைக் காப்பாற்றியது பெரிய காரியம் என்கிறோம்.

இரண்டு வீடு

"வீட்டைக் காப்பாற்றுவது இருக்கட்டும், அதில் இருந்த மனிதர்களை என்ன செய்தார்கள்?" என்று வாசகர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான்.

பழமை பார்க்க வருகிறவர்களுக்காக அந்தக் குடும்பத்தைப் புகைக்குள் உட்கார்த்தி வைக்கவில்லை. அவர்கள் 1966ல் தங்கள் இஷ்டப்படி வெளியேறினார்கள். வெறும் வீட்டைத்தான் காத்தார்கள். இதை நாம் கவனிக்கவேண்டும். நம் நாட்டிலும் சிலர் மலைவாழ் மக்களின் குடிசையைப் பார்த்து, "இதை மாற்றாதீர்கள், எத்தனை அழகு!" என்று சொல்லிவிட்டுத் தங்கள் மாடி வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். மழையில் ஒழுகும் கூரையின் கீழ் படுக்கிறவன் அவர்கள் அல்லவே!

ஆர்னாலில் இன்னொரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். அதே ஊரில் 39ஆம் எண் வெள்ளை வீட்டையும் காத்து வைத்திருக்கிறார்கள். 1950களில் எப்படி இருந்ததோ அப்படிச் சாமான்களை அமைத்திருக்கிறார்கள். கறுப்பு வீட்டில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றவர் வெள்ளை வீட்டுக்குள் நுழைந்ததும் மூச்சை இழுத்து விடுவார். அந்த மூச்சிலேயே எல்லாம் விளங்கிவிடும். பழைய வீட்டை மட்டும் வைத்திருந்தால் அது பாதிக் கதைதான்.

அதே தீவில் கிரானன் என்று ஒரு கடலோர ஊர். அங்கே கறுப்பு வீடுகளில் கடைசியாக இருந்தவர்கள் 1974ல் வெளியேறினார்கள். வீடுகள் பாழாய்க் கிடந்தன. 1989ல் ஓர் அறக்கட்டளை தொடங்கி ஒவ்வொன்றாகச் செப்பனிட்டார்கள். இப்போது விருந்தினர் தங்கும் விடுதிகளாக இருக்கின்றன. வெளியே கல், வைக்கோல். உள்ளே மின்சார விளக்கு, வெந்நீர், மெத்தை. இது அசல் அல்ல என்று குறை சொல்லுகிறவர்கள் உண்டு. நமக்கும் அந்த மெத்தையின் மேல் கொஞ்சம் சந்தேகம்தான். ஆனால் கூரை விழாமல் நிற்கிறது. கூரை வேயத் தெரிந்த ஆளுக்குக் கூலி கிடைக்கிறது. எல்லா வீட்டையும் சர்க்காரே காட்சிசாலை ஆக்க முடியுமா?

அந்தத் தீவு மைந்தர்

லூயிஸ் தீவுக்கும் நமக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. பலருக்குத் தெரியாது.

அந்தத் தீவின் துறைமுகமான ஸ்டார்னவேயில் 1754ஆம் ஆண்டு பிறந்தவர் காலின் மெக்கன்சி. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்து 1783ல் இங்கே வந்தார். 1815ல் இந்தியா முழுவதற்கும் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். நிலம் அளக்க வந்த மனிதர் நிலத்தை மட்டும் அளந்துவிட்டுப் போகவில்லை. காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா முதலிய நம் நாட்டு அறிஞர்களைத் துணையாக வைத்துக்கொண்டு, தென்னாட்டின் ஊர் ஊராக ஏட்டுச் சுவடிகளையும், கல்வெட்டுப் படிகளையும், ஊர்க் கதைகளையும் சேர்த்தார். 1821ல் அவர் இறந்தார். அவர் சேர்த்த சுவடிகளில் ஒரு பகுதி சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அவை இல்லாவிட்டால் எத்தனையோ ஊர்களின் பழைய செய்தி நமக்குத் தெரிந்திருக்காது.

மெக்கன்சி கம்பெனி உத்தியோகஸ்தர்தான். கம்பெனியின் லாபத்துக்கும் அந்த வேலை உதவியது. அதை மறைக்கவேண்டாம். ஆனாலும் மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் பூசாரியும் சொன்னதைக் கேட்டு எழுதி வைக்கச் செய்த மனிதர் அவர். சாதாரண ஊருக்கும் சரித்திரம் உண்டு என்று அந்தச் சுவடிகள் சொல்லுகின்றன. அவர் பிறந்த தீவின் மாட்டுக்கொட்டில் வீடும் இன்று அதையே சொல்லுகிறது.

நம் ஊர்களில் கல் வீடு இல்லையா? கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் கருங்கல் பலகைகளை நட்டுச் சுவராக்கி, மேலேயும் கல் பலகையையே போட்டு மூடிய வீடுகளைப் பார்க்கலாம். பகலில் கொஞ்சம் சூடு. இரவிலும் கொஞ்சம் சூடு. ஆனால் தீப்பிடிக்காது, கறையான் அரிக்காது. அவை ஒவ்வொன்றாகப் போகின்றன. வீட்டுக்காரர் இடித்துவிட்டு மாடி கட்டுகிறார். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவருக்கும் வெள்ளை வீடு வேண்டும்.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996 முதல் தட்சிணசித்ரா என்ற காட்சிசாலை இருக்கிறது. செட்டிநாட்டு வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு என்று தென்னாட்டு வீடுகளை அங்கே அமைத்திருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் வீட்டை அதன் வயலிலும் கிணற்றடியிலும் பார்ப்பது வேறு. சட்டத்தின் கண்ணும் பெரும்பாலும் கோவில், கோட்டை என்றே போகிறது. 1958ஆம் ஆண்டின் மத்திய சட்டம் 100 ஆண்டுக்குக் குறையாத சின்னங்களைக் காக்க வழி செய்கிறது. குடியானவன் வீட்டையும் அந்தச் சட்டத்தில் சேர்க்கலாமே! ஒரு மாவட்டத்துக்கு ஒரு வீடு போதும். உடையவரிடம் நியாயமான விலை கொடுத்து வாங்கட்டும்; அவர் அதற்குள் புது வீடு கட்டிக் குடி போகட்டும். வாங்க முடியாத வீட்டை இடிக்கும் முன்பு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போய் அளந்து படம் வரையட்டும். அடுப்பு எங்கே இருந்தது, குதிர் எங்கே இருந்தது, மாடு எங்கே நின்றது என்று பாட்டியைக் கேட்டு எழுதி வைக்கட்டும். ஒரு நோட்டுப் புத்தகச் செலவுதான்.

ஆர்னால் வீட்டில் குடும்பம் போய் அறுபது ஆண்டு ஆகப் போகிறது. அடுப்பில் மட்டும் இன்றும் பீட் எரிகிறது. அதில் பானை ஏறுவதில்லை; சாப்பிட ஆளும் இல்லை. ஆனால் தீ இல்லாவிட்டால் கூரை ஈரம் பிடித்துக் கெட்டுப்போகும். ஆகவே யாராவது ஒருவர் வந்து பீட்டைக் கிளறிவிடுகிறார். புகை எழுந்து வைக்கோலுக்குள் போகிறது.